பல நாள் சைக்கிள் பந்தயத்தில் காஃபின் தினமும் கைகொடுக்குமா?

ஒரு நாள் போட்டியில் காபியிலுள்ள காஃபின் உதவுவதுபோல், பல நாள் நீளும் பந்தயத்திலும் தினமும் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், ஆனால் அங்கே அளவைவிட நேரமே முக்கியம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் சென்று ஒட்ட வேண்டிய இடங்களைக் காஃபின் பிடித்துக்கொள்வதால், அதே வேகத்தில் மிதித்தாலும் சிரமம் குறைவாகத் தெரிகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை, போட்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்வது வழக்கம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004-இல் இதைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

சிக்கல் இரவில்தான் தொடங்குகிறது. டூர் டி பிரான்ஸ் போன்ற 21 கட்டப் பந்தயத்தில் கடைசி மலையேற்றம் பெரும்பாலும் மாலையில் வருகிறது. உடலிலுள்ள காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், நான்கரை மணிக்கு 200 மில்லிகிராம் எடுத்தவரின் உடலில் இரவு ஒன்பதரைக்கும் 100 மில்லிகிராம் மீதமிருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களின் உறக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்ததாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தசைகள் தேறுவதற்குக் கிடைக்கும் நேரமே அந்த இரவுதான்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு நாட்களில் மிதித்தபோது, இரண்டாம் நாள் மாலை திருச்சிக்கு முன்பிருந்த ஒரு கடையில் கள்ளிச்சொட்டுப் போன்ற காபியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, கடைசி முப்பது கிலோமீட்டரைப் பறந்து கடந்தேன். அன்றிரவு ஒன்றரை மணி வரை விடுதி மின்விசிறியை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் காலை சிறிய மேம்பாலத்துக்கே கியரை இறக்க வேண்டியதாயிற்று. உடன் வந்த நண்பரோ இரவு உணவுக்குப் பிறகும் காபி குடித்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டார். காஃபினைக் கரைக்கும் கல்லீரல் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால், அவரைப் பார்த்து நான் சூடுபோட்டுக்கொள்ள முடியாது.

மூன்றாம் நாள் முதல் காலையில் ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு இன்னொன்று என்று நிறுத்திக்கொண்டேன். அடியோடு விட்டிருந்தால், தினசரி குடிக்கும் எனக்குத் தலைவலி வந்திருக்கும். கடைசி நாள் மட்டும் இந்தக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை. மறுநாள் மிதிக்க வேண்டியதில்லை என்பதால் வள்ளியூரில் மாலை நான்கு மணிக்கு மனம்போலக் குடித்தேன்.