தோற்றவர் சொல்லும் மோசடிப் புகாரை இத்தனை பேர் நம்புவது ஏன்?

2020ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் மோசடி நடந்ததாக டொனால்ட் ட்ரம்ப் கூறியதை நீதிமன்றங்கள் அடுத்தடுத்து நிராகரித்த பின்னரும், அவருடைய கட்சியினரில் பெரும்பாலோர் அதை நம்பியது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். விவரம் அறியாத மக்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது விடையாகாது என்பது என் கருத்து. வாக்குகளை எண்ணும் மேசையருகே நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. மற்ற அனைவரும் யாரேனும் ஒருவருடைய சொல்லைத்தான் நம்பியாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாம் வாக்களித்த தலைவராகவே இருக்கிறார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைப் பாருங்கள். அங்கு முதலில் இயந்திரத்தில் எண்ணினார்கள். பிறகு ஏறத்தாழ 50 லட்சம் வாக்குச்சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். ட்ரம்ப் தரப்பு கோரியதால் மூன்றாவது முறையாக மீண்டும் இயந்திரத்தில் எண்ணினார்கள். மூன்று முறையும் ஜோ பைடனே முன்னிலை பெற்றார். இறுதி வித்தியாசம் 11,779 வாக்குகள். தேர்தலை நடத்திய மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், ட்ரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். 2021 ஜனவரி 2 அன்று அவரைத் தொலைபேசியில் அழைத்த ட்ரம்ப், தமக்கு 11,780 வாக்குகள் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்றார். கேட்ட எண்ணிக்கை வித்தியாசத்தைவிடச் சரியாக ஒன்று கூடுதல் என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இவ்வளவும் வெளிவந்த பின்னரும், குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பைடனின் வெற்றியை ஏற்கவில்லை என்றே கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து காட்டின.

முடிவை எதிர்த்து வழக்குத் தொடுப்பதை நான் குறை கூறமாட்டேன். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தை 537 வாக்குகளில் இழந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோரும் மறு எண்ணிக்கை கேட்டார், நீதிமன்றப் படியேறினார். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, அத்தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவருடைய ஆதரவாளர்களின் கசப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆனால் வடம் பிடித்து இழுக்கத் தலைவர் முன்வராததால் அந்தத் தேர் நிலையை விட்டு நகரவில்லை.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குணமன்று. 2016இல் ஹிலாரி கிளிண்டன் மறுநாளே தோல்வியை ஏற்ற பிறகும், வாக்கு எண்ணிக்கையையே ரஷ்யா மாற்றிவிட்டதாக நம்பிய ஜனநாயகக் கட்சியினர் குறைவாக இல்லை. தோற்ற தரப்புக்கு எண்ணிக்கையின் மீது ஐயம் எழுவது இயல்பு. அது தணிவதும் தடிப்பதும் தலைவரின் வாயில் இருக்கிறது.

2024இல் ட்ரம்ப் வென்றதும், தேர்தல் நேர்மையாக நடந்தது என்று சொல்லும் குடியரசுக் கட்சியினரின் விழுக்காடு ஒரே பாய்ச்சலில் உயர்ந்துவிட்டது. ஜார்ஜியாவில் அப்போதும் 2020இல் பயன்படுத்திய அதே நிறுவனத்தின் வாக்கு இயந்திரங்கள்தாம் இருந்தன. அதே ராஃபென்ஸ்பெர்கர்தாம் மாநிலச் செயலர்.