பிரிண்டர் பெட்டியில் இருக்கும் எண்ணும், தேடலில் வரும் எண்ணும்

கேள்வி: நான் தங்கச்சிமடத்தில் கருவாடு வாங்கிப் பொட்டலம் போட்டு விற்கிறேன். பொட்டலங்களில் ஒட்டும் லேபிள் அச்சடிக்கச் சென்ற வாரம் ஒரு பிரிண்டர் வாங்கினேன். அது வைஃபையில் சேரவில்லை. கூகுளில் அந்த நிறுவனத்தின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தேன். பேசியவர் போனில் ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, அதில் தெரிந்த ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். பிறகு ஒரு லிங்க் அனுப்பிப் பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொன்னார். அந்த நேரத்தில் என் மகள் போனை வாங்கி அழைப்பைத் துண்டித்துவிட்டாள். பணம் எதுவும் போகவில்லை. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வருவதும் இதே கணக்கில்தான் என்பதால் பயமாக இருக்கிறது. இனி நான் என்ன செய்ய வேண்டும்? அடுத்த மாதம் துபாயிலிருந்து என் தம்பி டிவியும் லேப்டாப்பும் கொண்டு வருகிறான். அவற்றை யாரிடம் கேட்டு அமைப்பது?

பதில்: உங்கள் மகள் மிகச் சரியான நேரத்தில் போனை வாங்கியிருக்கிறார். முதலில் அவரைப் பாராட்டுங்கள். நீங்கள் பேசிய ஆள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரிண்டரை வைஃபையில் சேர்க்க எந்த நிறுவனமும் பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை. பிரிண்டரில் உள்ள கோளாறைச் சரிசெய்ய, அந்த ஆப்பின் வழியாக உங்கள் போனின் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். போனில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, அவர் இறக்கச் சொன்ன ஆப்பை நீக்குங்கள். பிறகு அமைப்புகளுக்குள் சென்று, ஆப்களின் பட்டியலில் கடந்த சில நாட்களில் புதிதாக வந்தது வேறு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். 'அணுகல்தன்மை' (Accessibility) என்ற பகுதியில் உங்களுக்குத் தெரியாத ஆப்புக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால், விஷயம் சற்றுத் தீவிரமானது; அந்த அனுமதி இருந்தால் திரையைப் பார்ப்பதோடு நில்லாமல் உங்களுக்குப் பதிலாக அவர்களே பொத்தான்களை அழுத்தவும் முடியும். அப்படி இருந்தால் புகைப்படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொண்டு, போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே, அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்கிவிடுவதே பாதுகாப்பு. ரீசெட் செய்வதற்கு முன்பே, நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளின் பட்டியலைப் பாருங்கள். பொருள் புரியாத எழுத்துகளும் எண்களும் கலந்த செய்தி ஒன்று உங்கள் போனிலிருந்து போயிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும். ஒரு சிம்மை யுபிஐ ஆப்போடு இணைக்க அத்தகைய செய்திதான் அனுப்பப்படுகிறது, அதை உங்கள் போனிலிருந்து அனுப்பவைத்துத் தங்கள் போனில் உங்கள் கணக்கைத் திறக்க முயல்வது இவர்களுடைய வழக்கங்களில் ஒன்று. இவை எதுவும் இல்லையென்றாலும், மகளின் போனிலிருந்து உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். யுபிஐ பின்னை உங்கள் போன் சுத்தமான பிறகு மாற்றுங்கள். வங்கிக் கிளைக்கு நேரில் போய் நடந்ததைச் சொல்லி வைப்பதும் நல்லது.

பத்து ரூபாய்க்காக ஒருவர் இவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசுவாரா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்தப் பத்து ரூபாய் அவருக்குத் தேவையில்லை. அதைக் கட்டுவதற்காக நீங்கள் தட்டச்சு செய்யப்போகும் கார்டு எண், காலாவதித் தேதி, பின் ஆகியவைதான் தேவை. பல வங்கி ஆப்கள் திரையைப் பகிரும்போது பின் போடும் பக்கம் கறுப்பாக மட்டுமே தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அவர்கள் உங்களை வங்கி ஆப்புக்குப் போகச் சொல்லாமல், லிங்க் அனுப்பித் தாங்களே தயாரித்த படிவம் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள். சில வேளைகளில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாகவே, அதாவது ஆப் கடைக்குப் போகாமல் நேராக நிறுவும் ஆப்பாகவே அனுப்புவார்கள்; அதை நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபி செய்திகள் அவர்களுக்கும் போய்விடும். திரையைப் பகிரும் ஆப்கள் தம்மளவில் கெட்டவை அல்ல, நானே வாடிக்கையாளர்களின் கணினிகளை அவற்றின் வழியாகச் சரிசெய்கிறேன். ஆனால் இந்த ஏமாற்று பரவியதால், எனிடெஸ்க் (AnyDesk) என்ற திரை பகிரும் ஆப்பின் பெயரைக் குறிப்பிட்டே ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. நீங்கள் கொடுத்த ஒன்பது இலக்க எண், நீங்கள் இறக்கிய ஆப்பில் உங்கள் போனின் முகவரி. நாமே தேடி அழைத்த ஒருவரிடம் அந்த எண்ணைக் கொடுப்பது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதைப் போன்றது.

இந்த ஏமாற்றின் வேர் நீங்கள் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாரோ அழைத்தால் நமக்குச் சந்தேகம் வருகிறது. நாமே அழைத்தால் அந்தச் சந்தேகம் வருவதில்லை. அதைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் பணம் கட்டி வைத்த விளம்பரம், அதன் மேல் சிறிய எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருக்கும். விளம்பரமாக இல்லாவிட்டாலும், இலவசமாகப் பக்கம் தொடங்க இடம் தரும் தளங்களில் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் ஒட்டி எவர் வேண்டுமானாலும் ஒரு எண்ணைப் போட்டுவிடலாம். மேப்பில் காட்டும் கடை எண்களையும் வெளியாட்கள் திருத்தப் பரிந்துரைக்க முடியும். பிரிண்டர்களில் இன்னொரு வகையும் உண்டு. நிறுவனத்தின் இணைய முகவரியைப் போலவே ஓரிரு எழுத்து மட்டும் மாறிய ஒரு தளம் திறக்கும். மாடல் எண்ணைப் போட்டதும் ஏதோ இறங்குவதுபோல் ஒரு கோடு நகரும். பாதியில் நின்று 'டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நிறுவுவதில் பிழை' என்று சிவப்பில் எழுதிவிட்டு, பேசுவதற்கு ஒரு எண்ணைக் காட்டும். அங்கே எதுவும் இறங்கியிருக்காது. அந்தக் கோடு வெறும் படம்.

ஆகவே எண்ணை எடுக்க வேண்டிய இடங்கள் பெட்டி, அதற்குள் இருக்கும் வாரண்டி அட்டை, வாங்கிய கடையின் பில் ஆகியவை மட்டுமே. இணையத்தில் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் இணைய முகவரியை ஓர் எழுத்தும் விடாமல் பிரவுசரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்; தேடல் பெட்டிக்குள் போடாதீர்கள்.

இப்போது உங்கள் பிரிண்டர். என் அனுபவத்தில், வீட்டுக்கு வாங்கும் பிரிண்டர் வைஃபையில் சேராததற்கு முதல் காரணம் மிகச் சாதாரணமானது. விலை குறைந்த பிரிண்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். உங்கள் மோடமோ போனின் ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், பிரிண்டருக்கு அந்த வைஃபை இருப்பதே தெரியாது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'பேண்ட்' என்ற இடத்தில் 2.4 என்று மாற்றிவிட்டு, பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து மீண்டும் முயலுங்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறிவிடாமல் பாருங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் பிரிண்டரை யுஎஸ்பி வயரால் கணினியில் செருகிவிடுங்கள். விண்டோஸ் பெரும்பாலான பிரிண்டர்களைத் தானே கண்டுகொள்ளும். லேபிள் அச்சடிக்க வைஃபை தேவையே இல்லை. இந்த ஒரு சிறு விஷயத்தைச் சொல்ல ஆளில்லாததால்தான் நம் பக்கத்து மக்கள் ஊர் பேர் தெரியாதவனை அழைக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் இணைத்து ஒரு தாளை அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

தம்பி கொண்டு வரும் பொருட்களுக்கு வருவோம். வளைகுடாவில் வாங்கும் பல பொருட்களுக்கு அங்கே கொடுக்கும் வாரண்டி இங்கே செல்லாது. அதனால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிட, மக்கள் மறுபடி தேடலுக்குப் போகிறார்கள். வாங்கும் கடையிலேயே இந்தியாவில் வாரண்டி உண்டா என்று கேட்டு, பில்லைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிவியில் யூடியூபைத் திறந்து கணக்கோடு இணைக்கும்போது திரையில் ஒரு குறியீடும், அதைப் போட வேண்டிய முகவரியும் வரும். அந்த முகவரியைத் தேடலில் போட்டால் 'ஆக்டிவேஷன் கட்டணம்' கேட்கும் போலிப் பக்கங்கள் வரக்கூடும். முகவரிப் பட்டையில் நேராகத் தட்டச்சு செய்து, டிவியில் தெரியும் குறியீட்டைப் போடுங்கள். டிவியிலோ குரல் ஸ்பீக்கரிலோ ஒரு செயலியை இப்படிக் கணக்கோடு இணைப்பதற்குக் கட்டணம் கிடையாது. மாதச் சந்தா வேண்டிய செயலிகள் அதைத் தம் கணக்குப் பக்கத்திலேயே கேட்கும், போனில் அழைத்துக் கேட்காது.

லேப்டாப்பில் வருவது வேறு மாதிரி. ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் உள்ள என் கடைக்குத் தேவிபட்டினத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பை மூடாமலேயே பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மூடினால் எல்லாம் அழிந்துவிடும் என்று திரையில் எழுதியிருந்ததாம். திரை முழுவதும் நீலம், நடுவே சிவப்புப் பெட்டி, ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது, கீழே ஒரு போன் எண். மவுஸ் நகரவில்லை. நான் எஸ்கேப் பொத்தானைச் சில நொடிகள் விடாமல் அழுத்தினேன். அந்தப் பயங்கரம் சுருங்கிச் சாதாரண பிரவுசர் ஜன்னலாக ஆனது. மூடினேன், குரல் நின்றது. அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் அவர் அந்த எண்ணை அழைத்து 4,999 ரூபாய் கட்டியிருந்தார். கடையில் உட்கார்ந்து அவர் தண்ணீர் குடித்தபோது கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விண்டோஸ் தரும் உண்மையான பிழைச் செய்தி எதிலும் அழைக்கச் சொல்லிப் போன் எண் இருக்காது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எஸ்கேப்புக்கு அது அடங்கவில்லையென்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது 'முந்தைய பக்கங்களை மீட்கவா' என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால் என்ன வழி என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். அங்கே பதிவாகும் புகார் வங்கிகளுக்கு நேராகப் போய், பணம் கைமாறுவதற்கு முன் அந்தக் கணக்கில் நிறுத்திவைக்க முயல்வார்கள், ஆகவே முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். உங்களுக்கு நேர்ந்ததுபோல் பணம் போகாத முயற்சிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் தெரிவிக்கலாம். அதற்கு அந்த அழைப்பின் ஸ்கிரீன்ஷாட் தேவைப்படலாம், அழைப்புப் பதிவை அழித்துவிடாதீர்கள். வங்கிக்குச் சொல்வதிலும் தாமதம் கூடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பின்னையோ ஓடிபியையோ நாமே கொடுத்ததால் ஏற்படும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை நாம்தான் ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. வீட்டில் திட்டுவார்களே என்று ஒரு நாள் மறைத்து வைக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளில்தான் மீதிப் பணமும் போகிறது.

இன்னும் சில நாட்களில் வேறு எண்ணிலிருந்து வேறொருவர் உங்களை அழைக்கலாம். 'உங்களை ஏமாற்றப் பார்த்தவனைப் பிடித்துவிட்டோம், உங்கள் கணக்கைப் பாதுகாக்க ஒரு ஆப்பை இறக்குங்கள்' என்பார். உங்கள் எண் இப்போது அவர்களிடம் இருக்கிறது, அதனால் இதை எதிர்பாருங்கள். பதில் பேசாமல் துண்டித்து எண்ணைத் தடை செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. கருவாட்டு ஈரமும் உப்புக் காற்றும் படும் இடத்தில் பிரிண்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரின் எழுத்து விரைவில் மங்கிவிடும். பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன், மாடல் எண், சீரியல் எண், வாரண்டி அட்டையில் உள்ள உதவி எண் ஆகிய மூன்றையும் மகளின் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த உதவி எண்ணைப் பிரிண்டரின் மூடிக்கு உட்புறம் அழியாத மையால் எழுதி ஒட்டிவிடுங்கள்.