ஐந்து மழை நாளுக்காக 1,90,000 ரூபாயா?

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். கணவர் சொந்த நிலத்தில் சம்பா பயிரிடுகிறார். மகள் ஏழாம் வகுப்பு. மாமியாருக்கு 71 வயது. சர்க்கரை நோய், முழங்கால் வலி. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேம்பிங் டிரெய்லர் ஒன்றைச் செய்துகொள்ள ஆசைப்படுகிறோம். நீளம் 12 அடி, அகலம் 6 அடி. பின்கதவைத் தூக்கினால் வெளியே நின்று சமைக்கும் அமைப்புக்குப் பட்டறையில் 4,10,000 ரூபாய் கேட்கிறார்கள். சமையலறை உள்ளேயே வேண்டுமானால் உயரம் கூட்ட வேண்டும், 6,00,000 ஆகும் என்கிறார்கள். முதிர்ந்த வைப்புத்தொகை 5 லட்சம் கையில் இருக்கிறது. மீதி ஒரு லட்சத்துக்கு நகையை வைக்கலாம் என்கிறார் கணவர். ஆண்டுக்கு 24 நாள் பயணம் போவோம்: கோடை விடுமுறையில் 10, பொங்கலுக்கு 4, ஆயுத பூஜையை ஒட்டி 3, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு 2, மற்ற வார இறுதிகளில் 5. எதைத் தேர்ந்தெடுக்கலாம், ஐயா?

பதில்: வெளிச் சமையலறையையே செய்யுங்கள் அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் நாள் கணக்கோடு எழுதியதால் என் வேலை எளிதாகிவிட்டது. இந்த 24 நாளில் உள்ளே நின்று சமைத்தே தீர வேண்டிய நாட்கள் எத்தனை? டெல்டாவுக்கு மழையைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் உங்கள் கணவர் நடவும் களையெடுப்புமாக வயலில் இருப்பார். நினைத்தாலும் நீங்கள் அதிகம் வெளியே போக முடியாது. புயல் எச்சரிக்கை இருக்கும்போது கோடியக்கரைப் பக்கம் டிரெய்லரை யாரும் இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையை என்ன செய்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆக, ஆயுத பூஜை 3 நாள், வார இறுதியில் 2 நாள். தாராளமாகப் பார்த்தாலும் ஐந்து மழை நாட்கள்தான்.

அந்த ஐந்து நாளுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போவது 1,90,000 ரூபாய். நகைக்கடன் ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் 9,000. வங்கியில் கிடந்திருக்க வேண்டிய 90,000 ரூபாய்க்கு 7 சதவீத வட்டி இழப்பு 6,300. எட்டு ஆண்டு கழித்து விற்கும்போது கூடுதலாகக் கொடுத்ததில் பாதி திரும்பி வரும் என்று நல்லபடியாகவே நினைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 11,875 ரூபாய் தேய்மானம். மூன்றையும் சேர்த்தால் கடன் இருக்கும் ஆண்டில் 27,175 ரூபாய். ஐந்தால் வகுத்தால் ஒரு மழை நாளுக்கு 5,435. அந்தப் பணத்தில் நீங்கள் நான்கு பேரும் மயிலாடுதுறையிலோ திருவாரூரிலோ மூன்று வேளையும் நல்ல ஓட்டலில் சாப்பிட்டு, மழை விடும்வரை ஓர் அறையும் எடுத்துக்கொள்ளலாம்.

பணத்தை விட்டுவிட்டு வண்டிக்குள் பாருங்கள். 12க்கு 6 என்றால் 72 சதுர அடி. உள்ளே மேடை, அடுப்பு, பாத்திரத் தொட்டி என்று வைத்தால் 12 முதல் 15 சதுர அடி போய்விடும்; அது ஒருவர் படுக்கும் இடம். அந்த இடத்தை ஈடுகட்ட, பகலில் சாப்பாட்டு மேசையாக இருப்பதை இரவில் மடக்கிப் படுக்கையாக்குவார்கள். முழங்கால் வலியுள்ள மாமியார் தினமும் அதில் ஏறி இறங்க வேண்டும். உங்கள் பயணத்தில் 10 நாள் கோடையில் என்பதையும் மறக்காதீர்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் காய்ந்த தகரப் பெட்டிக்குள் அடுப்பை மூட்டிவிட்டு அதிலேயே தூங்குவது என்னைப் பொறுத்தவரை தண்டனை. நம் சமையல் ரொட்டியைச் சுட்டு எடுக்கும் சமையல் அன்று. கடுகும் வரமிளகாயும் தாளிக்கும் நெடி, இட்லிப் பானையின் ஆவி, அப்பளம் பொரித்த எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் மெத்தையிலும் திரையிலும் ஏறும்.

எரிவாயு பற்றியும் சொல்லியாக வேண்டும். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், அதாவது படுத்திருப்பவர்களின் மட்டத்தில். உள்ளே அடுப்பு வைப்பவர்கள் தரை மட்டத்தில் காற்றுத் துளை வைத்தே ஆக வேண்டும். மூடிய சிறு அறையில் எரியும் அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்தும் உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதற்காக இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாம் என்று பட்டறையில் சொல்லக்கூடும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி மின்சாரம். சாதாரண ஈய பேட்டரியில் அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஆயுள் குறையும். 1,500 வாட் அடுப்பு அரை மணி நேரத்தில் 750 வாட்-மணி குடித்துவிடும். ஒரு வேளைச் சமையலுக்கே பேட்டரி போதாது.

வெளிச் சமையலிலும் தொல்லைகள் உண்டு, மறைக்க மாட்டேன். ஆடிக் காற்றில் அடுப்பு நிற்காது. மூன்று பக்கமும் மடக்குத் தகடு வேண்டும். வேளாங்கண்ணிக் கடற்கரையில் மணல் பறந்து வந்து பாத்திரத்தில் விழும். கார்த்திகை, மார்கழியில் வயலோரம் விளக்கைப் போட்டால் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி மொய்க்கும். உங்கள் கணவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருட்டுவதற்கு முன் இரவுச் சமையலை முடித்துவிடுவதுதான் வழி. பின்கதவிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டும் கெட்டியான தார்ப்பாயைப் பட்டறையிலேயே அளவெடுத்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள். சாரலுக்கு அது தாங்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தயங்கவைத்தது மாமியாரின் சர்க்கரை நோய் ஒன்றுதான். அவருக்கு நேரத்துக்கு உணவு வேண்டும், கொட்டும் மழையிலும் வேண்டும். ஆனால் அதற்குத் தேவை சமையலறை அல்ல, உணவு. ஆடிப்பெருக்குக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்ப் பழகியவர்கள் நாம். காலையிலேயே செய்து ஹாட்பேக்கில் அடைத்த இட்லி, பிளாஸ்க்கில் வெந்நீர், கைக்கு எட்டும் இடத்தில் பழமும் பிஸ்கட்டும் இருந்தால் மழை அவரைப் பட்டினி போடாது.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது, 5 லட்சத்தையும் துடைத்தெடுக்கும் யோசனை. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்காத ஆண்டுகளை உங்கள் குடும்பம் பார்த்திருக்கும். விதை, உரம், ஆள்கூலி எதுவும் அதற்காகக் காத்திருக்காது. வெளிச் சமையலறை செய்தால் 90,000 மிஞ்சும். அதில் பதிவு, காப்பீடு, காரில் கொக்கி பொருத்தும் செலவு போனபின் இருப்பதைத் தொடாதீர்கள். நகையைப் பயிர்க்கடன் பெயரில் வைத்து, மானிய வட்டியில் வாங்கிய பணத்தை வண்டிக்குத் திருப்புவது தவறு. கணவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி இழுவை வண்டியும் ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். பதிவுக்கு வேண்டிய சான்றிதழ்களைத் தங்களால் தர முடியுமா என்பதைப் பட்டறையிடம் எழுத்தில் வாங்குங்கள். தர முடியாது என்றால் இந்தப் பதில் முழுவதையும் மறந்துவிட்டு வேறு பட்டறையைத் தேடுங்கள். உங்கள் காரின் கையேட்டில் எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கும். ஆட்களின் சாமான், தண்ணீர், சிலிண்டர் எல்லாம் சேர்ந்த எடை அதற்குள் அடங்க வேண்டும். உயரமும் எடையும் கூடிய உள் சமையலறை வண்டி இங்கேயும் தோற்கும். வாய்க்கால் கரைச் சாலையில் எதிரே பஸ் வந்தால் உங்களுக்கே புரியும்.

முன்பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். பணத்தைக் குறுகிய கால வைப்பில் போட்டுவிட்டு ஐப்பசி மழை வரட்டும் என்று காத்திருங்கள். ஒரு மழை மாலையில் வாசலில் காரின் பின்கதவைத் தூக்கி, தார்ப்பாயைக் கட்டி, ஐந்து கிலோ சிலிண்டரை வைத்து நால்வருக்கும் சாதம், சாம்பார், ஒரு பொரியல் செய்து பாருங்கள். சமைத்தவர் கோபமில்லாமல் சாப்பிட உட்கார்ந்தால் மறுநாளே பட்டறைக்குப் போகலாம்.