அந்தக் கணவர் ஏன் எழுந்து போனார்?

வணக்கம் மேடம்,

திருச்சியில் ஆறு வருடங்களாகக் கவுன்சலிங் செய்துவருகிறேன். ஆலோசனை உளவியலில் எம்.எஸ்சி. படித்தவள். இதுவரை தனிநபர்களைத்தான் பார்த்தேன். இப்போது கணவன் மனைவியாகவும் வருகிறார்கள். எட்டு அமர்வுகள் தனியாக வந்த ஒரு பெண், ஒன்பதாவது அமர்வுக்குக் கணவரையும் கூட்டிவந்தார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடிச்சிட்டீங்க, நான் எதுக்கு?" என்று அவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பெண்ணும் அப்புறம் வரவில்லை. தம்பதியர் சிகிச்சைக்கென்று தனியாகப் படிக்க வேண்டுமா? இரண்டு நாள் சான்றிதழ் வகுப்புகள் நிறைய நடக்கின்றனவே, அதில் ஒன்றில் சேர்ந்தால் போதுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

தனியாகத்தான் படிக்க வேண்டும். இரண்டு நாள் போதாது.

அந்தக் கணவர் சொன்னதில் தவறில்லை. எட்டு அமர்வுகளாக அவர் இல்லாமலே அவரைப் பற்றிய கதை ஒன்று உங்கள் அறையில் வளர்ந்திருக்கிறது. ஒன்பதாவது வாரம் அவர் வந்து உட்கார்ந்தது அந்தக் கதைக்குள்தான். இதை உங்கள் திறமைக் குறைவு என்று நினைக்காதீர்கள். தனிநபர் கவுன்சலிங்கில் நாம் நன்றாகக் கற்றுக்கொண்டதே இங்கே காலை வாரிவிடுகிறது. எதிரில் இருப்பவர் அழுதால் அவர் பக்கம் சாய்கிறோம். தனியாக வந்தவருக்கு அந்தச் சாய்வு பெரிய ஆறுதல். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், அவருக்கு அதுவே தீர்ப்பாகிவிடுகிறது.

நானும் இப்படித்தான் இருந்தேன். பயிற்சியின் முதல் வருடம், தம்பதியரின் சம்மதத்தோடு பதிவு செய்த ஓர் அமர்வை என் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டார். என் நாற்காலி மனைவி பக்கம் திரும்பியிருந்தது. டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். கணவர் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று முறை பேச வாயெடுத்து மூடிக்கொண்டார். அந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் அன்று பார்க்கவில்லை. நடுநிலையாக இருந்தேன் என்று முழு மனதோடு நம்பிக்கொண்டு அந்தப் பதிவை எடுத்துப் போயிருந்தேன்.

அடுத்த வாரம் என் ஜெனோகிராமை, அதாவது என் குடும்பத்தின் தலைமுறை வரைபடத்தை, வரையச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. வரைந்துகொண்டிருக்கும்போதே புரிந்தது. எங்கள் வீட்டில் அப்பா பேச்சை நிறுத்தினால் அம்மா அடுப்படியில் அழுவார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள். இந்த ஜெனோகிராம் முறை மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் வேலையிலிருந்து வளர்ந்தது. அவர் தன் மாணவர்களைத் தங்கள் குடும்பத்தையே ஆராயச் சொன்னவர். புத்தகத்தில் அவரைப் படித்தபோது எனக்கு இது எட்டவில்லை. என் வீட்டை என் கையாலேயே வரைந்த பிறகுதான் எட்டியது.

தம்பதியரையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்தக் குடும்ப சிகிச்சைத் துறை வளர்ந்ததே ஒருவர் வேலை செய்ய மற்றவர் பார்த்ததில்தான். இதன் முன்னோடிகளில் ஒருவரான மனநல மருத்துவர் சால்வடார் மினுச்சின் நியூயார்க் மாநிலத்தில் வில்ட்விக் என்ற விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தார். வறுமையான வீடுகளிலிருந்து வந்த சிறுவர்கள் அங்கே இருந்தார்கள். பையனிடம் மட்டும் பேசிப் பயனில்லை என்று கண்டு குடும்பங்களைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார். ஒருவர் குடும்பத்தோடு பேச, மற்றவர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். பிற்பாடு ஃபிலடெல்ஃபியாவில் அவரும் இன்னொரு குடும்ப சிகிச்சையாளரான ஜே ஹேலியும் உள்ளூர்க்காரர்களையே, பட்டம் இல்லாதவர்களையே, குடும்ப ஆலோசகர்களாகப் பழக்கினார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்து, தேவைப்பட்டால் அமர்வுக்கு நடுவிலேயே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வார்கள். பட்டம் இல்லாதவர்களையே அப்படிப் பழக்க முடிந்தது என்றால், பட்டமும் ஆறு வருட அனுபவமும் உள்ள உங்களுக்கு இனி எது தேவை என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் வேலை செய்வதை யாராவது பார்க்க வேண்டும்.

குடும்பத்தைச் சேர்த்துப் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களிலேயே டாக்டர் வித்யா சாகர் நோயாளியின் உறவினர்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் வீட்டார் உடன் தங்குவது பழைய வழக்கம்.

நம் நாட்டில் குடும்ப சிகிச்சைக்கென்று தனி உரிமம் கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கலாம். பிரிட்டனில் இதே துறையில் முழுத் தகுதி பெறப் படிப்படியாக ஏறக்குறைய நான்கு வருடம் ஆகும். அவ்வளவு காலம் உங்களால் ஒதுக்க முடியாமல் போகலாம், சரி. ஆனால் எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். என் அமர்வை நேரிலோ பதிவிலோ யார் பார்ப்பார், எத்தனை மணி நேரம்? அவர் இப்போதும் குடும்பங்களைப் பார்க்கிறாரா? என் குடும்பத்தைப் பற்றி நானே வேலை செய்ய இடம் உண்டா? இதற்கெல்லாம் தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

நல்ல பயிற்சி கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றும். இத்தாலியின் மிலன் நகரில் குடும்ப சிகிச்சையாளர் மாரா செல்வினி பலாட்சோலியும் உடனிருந்த மூவரும் வளர்த்தெடுத்த சுற்றுக் கேள்விகள், அதாவது வீட்டில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் கேள்விகள், நம் வீடுகளுக்கு அப்படிப் பொருந்துகின்றன. "உங்க மாமியார் மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்று மருமகளிடம் கேட்டால் புகார்ப் பட்டியல் வரும். "அம்மா பேசாம இருந்தா வீட்ல முதல்ல யாருக்குத் தெரியும்? அவர் என்ன செய்வார்?" என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். மனைவி திரும்பி அவரைப் பார்ப்பார். "நீங்க அப்படிச் செய்றது இதுக்காகவா?" என்பார். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

எந்தப் பயிற்சியிலும் முதலில் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சேர்த்து உட்காரவைக்கும் முன் இருவரையும் ஒருமுறை தனித்தனியாகப் பார்த்து, வீட்டில் அடி உண்டா, பயம் உண்டா என்று கேட்க வேண்டும். அப்படி இருந்தால் கூட்டு அமர்வு வேண்டாம். அறையில் சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் அடி விழலாம். தனியாகச் சொன்ன ரகசியத்தை நீங்கள் எப்படிக் கையாள்வீர்கள் என்பதையும் இருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தப் பெண். அவர் ஏன் வரவில்லை என்று நமக்குத் தெரியாது. உங்களிடமிருந்து அழைப்பு வந்தால் அவருக்குச் சிக்கலாகாது என்று தெரிந்தால், இந்த வாரமே ஒருமுறை பேசுங்கள். கணவர் அருகில் இல்லாத நேரமா என்று முதலில் கேளுங்கள். அன்று வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, இருவருமாக வர விரும்புகிறார்கள் என்றால் உங்களிடம் வேண்டாம், இருவருக்குமே புதியவராக இருக்கும் வேறொருவரிடம் அனுப்புங்கள். அவர் தனியாக வருவதற்கு உங்கள் அறை திறந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்.