வரப்போகிறவர்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆயர் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. குருக்கள் கூடி ஒருவரை மறைமாவட்ட நிர்வாகியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் “புது ஆயர் வரட்டும்” என்கிறார். பங்குத்தந்தையை மாற்றச் சொல்லி மூன்று முறை போய்விட்டோம். ஆயர் இல்லாத மறைமாவட்டம் ஆளில்லாத வீடுதானே? மங்கோலியாவில் மறைமாவட்டமே கிடையாதாம், ஆனால் ஒரு கர்தினால் இருக்கிறாராம். அது எப்படி? எங்கள் பங்கு எல்லையில் இருப்பதால், பக்கத்து மறைமாவட்டத்தோடு சேர்த்துவிடும்படி டெல்லியிலுள்ள திருத்தந்தையின் தூதருக்கு மனு எழுதி இருநூறு கையெழுத்து வாங்கியிருக்கிறோம். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஜெ.

அன்புள்ள தம்பி ஜெ.,

முதலில் அந்த “ஆளில்லாத வீடு” என்ற பேச்சை விடுங்கள். ஆயரின் இடம் காலியான செய்தி கிடைத்து எட்டு நாளுக்குள் ஆலோசகர் குழுக் குருக்கள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தவறினால் பேராயர் நியமித்துவிடுவார். தேர்வாகிறவர் 35 வயது நிறைந்த குருவாக இருக்க வேண்டும். மறைமாவட்டப் பொருளாளரே தேர்வானால் பணப்பெட்டிச் சாவியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது: ஆயரின் இருக்கை காலியாக இருக்கும்போது எதையும் புதிதாக மாற்றக் கூடாது. புதுப் பங்குத்தந்தையை நியமிக்கும் அதிகாரமே இடம் காலியாகி ஓராண்டு கழித்துத்தான் அவருக்கு வரும். ரோமையே நேரடியாக ஒருவரை அனுப்பியிருந்தால் கதை வேறு, நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவர் அதிகாரம். உங்களுக்கு வாய்த்தவர் அப்படி வந்தவர் இல்லை. வரப்போகிறவருக்காக வீட்டைக் கலைக்காமல் வைத்திருப்பதுதான் அவர் வேலை. மூன்று முறை போனீர்களே, ஒரு முறையாவது “சாமி, உங்களால் எது முடியும்?” என்று கேட்டீர்களா?

மங்கோலியா ஒரு வரியில் முடியும் விஷயம். 1992-இல் பணித்தளமாகத் தொடங்கி 2002-இல் மறைமாவட்டத்துக்கு முந்தின படியான அப்போஸ்தலிக்க பிரிஃபெக்சர் ஆன இடம் அது. மொத்தக் கத்தோலிக்கரே ஏறக்குறைய 1,500 பேர். மறைமாவட்டமாக இன்னும் வளராததால் திருத்தந்தையின் பெயரால் ஒருவர் ஆள்கிறார். 2022-இல் கிடைத்த கர்தினால் பட்டம் அந்த மனிதருக்கு, இடத்துக்கு இல்லை.

அந்த இருநூறு கையெழுத்துதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அப்பாயி தஞ்சைப் பக்கம். அவள் ஊரில் கூப்பிடு தூரத்தில் இரண்டு கோயில்கள். ஒன்று மயிலாப்பூர் மறைமாவட்டத்துக் கோயில், அதில் பூசை வைத்தவர் கோவாச் சாமியார். மற்றது சேசுசபைக் கோயில். இரண்டிலும் ஒரே லத்தீன் பூசை, ஒரே மாதா. அப்பாயியின் அக்காவை எதிர்க்கோயில் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்ததும் இரண்டு பேரும் நடுவிலிருந்த புளியமரத்தடிக்கு வந்து பலகாரத் தூக்குவாளியை மாற்றிக்கொள்வார்களாம். “அக்கா கோயிலுக்குள்ள காலு வச்சா அப்பா தோல உரிச்சிருவாரு” என்பாள். எண்பது வயதிலும் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

இது எப்படி வந்தது? இந்தியாவின் பழைய மறைமாவட்டங்களுக்கு ஆயரை முன்மொழியும் உரிமை போர்த்துக்கல் அரசரிடம் இருந்தது. மயிலை மறைமாவட்டம் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆயர் இல்லாமல் நிர்வாகிகளின் கையில் கழித்தது. 1834-இல் போர்த்துக்கல் துறவற சபைகளையே ஒழித்தது, ரோமையோடு உறவும் முறிந்தது. அதற்குச் சற்று முன்பே தொடங்கி ரோமை தன் பெயரால் ஆள அப்போஸ்தலிக்க விக்கர்களை நியமித்தது: 1832-இல் சென்னைக்கு, 1836-இல் புதுச்சேரிக்கு, 1846-இல் மதுரைக்கு. மதுரைக்கு வந்த சேசுசபைத் துறவி அலெக்சிஸ் கனோஸ் திருச்சியில் குடியிருந்தார், ஆனால் பட்டப்படி அவர் தமாசுஸ் ஆயர். தமாசுஸ் சைப்ரஸ் தீவில் என்றோ அழிந்த பட்டணம். விக்கருக்குச் சொந்தமாக மறைமாவட்டம் இல்லை என்பதால் செத்துப்போன ஊரின் பெயரைக் கொடுத்து ஆயராக்குவார்கள். அந்தப் பெயரோடுதான் அந்த மனிதர் நம் ஊர்ப் புழுதியில் நாற்பது ஆண்டு உழைத்தார்.

1838-இல் மயிலை, கொச்சி, கொடுங்கல்லூர் அதிகாரங்களை ரோமை ரத்துசெய்தது. அரசர் சம்மதிக்காத ஆணை செல்லாது என்றது போர்த்துக்கலைச் சார்ந்த கோவாத் தரப்பு. ஆக ஒரே ஊருக்கு இரண்டு தலை. அப்புறம் என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். திருவிழா மரியாதையில் சாமியார் கை வைத்தாரா, சாதி வரிசையைக் குலைத்தாரா, உண்டியல் கணக்குக் கேட்டாரா, மறுவாரமே கூட்டமாக எதிர்க்கோயிலுக்குப் போய்விடுவார்கள். அங்கே கதவு திறந்தே இருக்கும். கோயில் சாவிக்காக வழக்குமன்றம் ஏறினார்கள். 1886-இல் 13-ஆம் லியோ முறையான மறைமாவட்டங்களை அமைத்த பிறகும் பிறர் எல்லைக்குள் மயிலையின் கோயில்கள் சிதறிக் கிடந்தன. 1928-இல் ஒப்பந்தம் வந்துதான் இந்த இரட்டை ஆட்சிக்கு முடிவு பிறந்தது. தொண்ணூறு வருஷம், தம்பி! தலை இல்லாத நான்கு மாதம் உங்களுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தலை இருந்த ஊரில் அக்காவும் தங்கையும் மரத்தடியில் நின்றார்கள்.

உங்கள் மனுவில் தூரம் காரணம் இல்லை, ஆற்று வெள்ளம் காரணம் இல்லை. ஒரு பங்குத்தந்தையைப் பிடிக்கவில்லை. அதற்காக எல்லையையே நகர்த்தக் கேட்கிறீர்கள். அது ரோமை மட்டுமே செய்யக்கூடிய காரியம் என்பது இருக்கட்டும். நாளைக்குப் பக்கத்து மறைமாவட்டத்துப் பங்குத்தந்தையையும் பிடிக்காமல் போனால் எங்கே போவீர்கள்? கையெழுத்துப் போட்ட இருநூறு பேரில் எத்தனை பேருக்கு அண்ணன் தம்பி வீடு இந்தப் பக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

கடுமையாக எழுதிவிட்டேன். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் படித்த ஊரில் ஆயர் விலகிய மறுவாரம், காலைப் பூசை. நற்கருணை மன்றாட்டில் சாமியார் திருத்தந்தையின் பெயரைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் “எங்கள் ஆயர்...” என்று தொடங்கி நிறுத்தினார். இடம் காலியாக இருக்கும்போது அங்கே பெயர் கிடையாது. தேர்ந்தெடுத்த நிர்வாகியின் பெயரையும் சொல்வதில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் முட்டுவலியோடு தூணைப் பிடித்து நின்ற அப்பாயி எனக்கு மட்டும் கேட்கும்படி “வரப்போறவரு” என்றாள். அடுத்த ஆயர் வரும்வரை ஒவ்வொரு பூசையிலும் அந்த இடம் வந்ததும் அப்படியே சொன்னாள்.

மனுவை அனுப்பாதீர்கள். நிர்வாகியை நான்காம் முறை போய்ப் பாருங்கள், பங்கில் என்ன குறை என்பதை மட்டும் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.