ஊர் வாசகசாலைக்கு முதலில் வாங்க வேண்டிய அபுனைவு நூல்கள்

குமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வாசகசாலைக்கு, சிறுவர் முதல் முதியோர் வரை படிக்கத்தக்க அபுனைவு (கற்பனைக் கதையல்லாத) நூல்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊர் வாசகசாலைக்குப் புத்தகம் தேர்ந்து கொடுப்பவன் என்ற முறையில், தன்னம்பிக்கை நூல்களையும் போட்டித்தேர்வுக் கையேடுகளையும் முதல் கொள்முதலில் சேர்க்க வேண்டாம் என்பேன். அவை வேண்டியவர்கள் எப்படியும் தாமே வாங்கிக்கொள்வார்கள்.

பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு, ஜப்பானியரான டெட்சுகோ குரோயாநாகி தம் பள்ளிப் பருவத்தை எழுதிய ‘டோட்டோ-சான்’ தமிழில் கிடைக்கிறது. வகுப்பைக் குலைக்கிறாள் என்று ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட வேறொரு பள்ளியில் சேர்கிறாள். மதிய உணவில் கடலிலிருந்து ஏதேனும் ஒன்றும் மலையிலிருந்து ஏதேனும் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது அப்பள்ளித் தலைமையாசிரியர் பெற்றோரிடம் வைத்த வேண்டுகோள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சற்றுப் பெரியவர்களுள் எதற்கும் காரணம் கேட்பவர்களுக்கு யா. பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ போதும்.

கல்லூரி மாணவர்களுக்குச் சூழலியலிலிருந்து தொடங்குவது நல்லது. சு. தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ என்ற கட்டுரைத் தொகுப்பைப் படித்தவர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் குளங்களைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதுகூட வேறு கண்ணோடு பார்ப்பார். தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’ நூலில் உப்பு, உணவு, உடை போன்றவற்றின் வரலாறு சிறு கட்டுரைகளில் வருவதால், நீண்ட நூல்களைக் கண்டு தயங்குபவர்களும் அதைக் கையில் எடுப்பார்கள்.

நம் மாவட்டத்தைப் பற்றிய நூல்களில் மட்டும் ஒரு கட்டாயம் வைப்பேன். நாஞ்சில் நாடனின் ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’ வயல் சார்ந்த ஒரு சமூகத்தின் உணவையும் சடங்கையும் உறவுமுறையையும் உள்ளிருந்து சொல்கிறது. அதை வாங்கும்போதே, கடற்கரை மக்களின் தொழிலையும் 2017இல் ஒக்கிப் புயல் அவர்களுக்கு இழைத்த அழிவையும் பற்றி வறீதையா கான்ஸ்தந்தின் எழுதியவற்றையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றிரண்டு கல் தொலைவில் வாழும் இரு தரப்பினரும் ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்திருப்பது மிகக் குறைவு. இரண்டுக்கும் பின்புலமாக அ.கா. பெருமாளின் ‘தென்குமரியின் கதை’ இருக்கட்டும்.

முதியவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. கனமான புத்தகம் என்று அஞ்ச வேண்டாம். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த தொடர் என்பதால், ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே மூச்சில் முடியும் அளவுக்குத்தான் இருக்கிறது. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்தில் அவரைச் சந்தித்து, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கும் பகுதியை முதலில் படிக்கக் கொடுங்கள். அந்தக் கேள்வியால் தொடங்கிய ஏட்டுச்சுவடித் தேடல் 1887இல் அந்நூல் அச்சேறும் வரை எப்படி நடந்தது என்பதை அறியாமல் யாரும் நிறுத்த மாட்டார்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பல பதிப்புகள் உள்ளன. விலையைப் பார்க்காமல், எழுத்து பெரிதாக உள்ள கெட்டி அட்டைப் பதிப்பையே தேர்ந்தெடுங்கள்.