மொழி கேளுங்கள்: பிரெஞ்சில் இறங்குவதும் இறக்குவதும்

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): பிரெஞ்சு இறந்தகாலத்தில், இயக்கத்தைக் குறிக்கும் வினைகளுக்கு 'எத்ர்' ('இரு') துணைவினை வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் 'நடந்தேன்' என்பதற்குப் புத்தகத்தில் 'அவுவார்' ('உடைத்தாயிரு') துணைவினை சேர்த்து 'ஜே மார்ஷே' என்று இருக்கிறதே, எது சரி?

பதில்: புத்தகத்தில் உள்ளதே சரி. நடப்பதும் ஓடுவதும் இயக்கந்தான்; எனினும் அவை 'அவுவார்' பெறுபவை. போ, வா, புறப்படு, ஏறு, இறங்கு, விழு, பிற, இற, தங்கு முதலிய சுமார் 15 வினைகளும், 'எழுந்துகொள்' போலச் செயல் செய்பவரையே சாரும் வினைகளும் மட்டுமே 'எத்ர்' ஏற்கும். 'தங்கு' என்பதில் இயக்கமே இல்லை என்பதால், அந்த விதியை நம்பாமல் பட்டியலை மனப்பாடம் செய்வதே நல்லது.

இதில் தமிழருக்கு ஒரு கைப்பிடி உண்டு. மயிலாடுதுறை சந்திப்பில் நீங்கள் இறங்கினால் 'எத்ர்' சேர்ந்து 'ஜெ சுயி தெசான்து'. அங்கே பெட்டியை இறக்கினால் 'அவுவார்' சேர்ந்து 'ஜே தெசான்து லா வலீஸ்'. நாம் தன்வினை, பிறவினை என்று வினையையே மாற்றிச் சொல்வதை, பிரெஞ்சுக்காரர்கள் வினையை அப்படியே வைத்துத் துணைவினையை மாற்றிக் காட்டுகிறார்கள். ஏறினேன், ஏற்றினேன் என்பவற்றுக்கும் இதுவே வழி. ஆனால் 'படி ஏறினேன்' என்னும்போது படி அங்கே செயப்படுபொருளாகிவிடுவதால் 'அவுவார்'தான் வரும். தேர்வில் பலர் சறுக்கும் இடம் இது.

கேள்வி (காரைக்கால் மாணவி): 'போனேன்' என்பதை நான் எழுதினால் 'அலே' என்பதன் இறுதியில் இன்னோர் 'ஈ' (e) எழுத்து வேண்டும் என்கிறார் ஆசிரியர். காதுக்கு வேறுபாடே தெரியவில்லையே?

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. 'எத்ர்' வந்தால் வினைவடிவம் எழுவாயின் பாலையும் எண்ணையும் ஏற்கும். தமிழில் வந்தான், வந்தாள் என்று படர்க்கையில் பால் காட்டும் நாம், 'வந்தேன்' என்ற தன்மையில் அதைக் காட்டுவதில்லை. ஆகவே நம்மைப் பற்றி எழுதும்போதுதான் அந்த எழுத்து விடுபடுகிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த உங்கள் ஊரில், வீட்டுப் பெரியவர்களிடம் காதால் கேட்டுக் கற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே இருக்கும். ஒலியிலும் வேறுபடுபவை மிகச் சில: ஆண் இறந்தால் 'மோர்', பெண் இறந்தால் 'மோர்த்'.

கேள்வி (திருவாரூர் வாசகர்): ஓர் ஆசிரியையை மரியாதையாக 'வூ' (நீங்கள்) என்று விளித்தால் எல்லாமே பன்மையாகுமா?

பதில்: 'நீங்கள் போனீர்கள்' என்பதில் துணைவினை மட்டும் பன்மையாகும். அவர் ஒருவரே என்பதால் 'அலே' பெண்பால் ஒருமையிலேயே நிற்கும். இரண்டு ஆசிரியைகளிடம் பேசினால்தான் இறுதியில் பன்மைக்குரிய 'எஸ்' சேரும்.